விருப்பமா, விதிப்பா: நாவலூர்ப் பணியிடங்களில் மேகக் கணிமையும் இளைஞர்களும்

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். இந்திய நேரப்படி பகல் 12.19 மணிக்கு, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசான் வெப் சர்வீசஸ் நடத்தும் கணினி மையங்களில் கோளாறு தொடங்கியது. டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவை எந்த முகவரியில் இருக்கிறது என்று காட்டும் டிஎன்எஸ் பதிவை, ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்த தானியங்கி நிரல்கள் முந்திப் பிந்தி ஓடி வெறுமையாக்கிவிட்டன. அதைச் சார்ந்திருந்த சேவைகள் அடுத்தடுத்துச் சரிந்தன. எல்லாம் சீரானதாக அமேசான் சொன்னபோது இங்கே மறுநாள் விடியற்காலை மூன்றரை மணி. அமெரிக்கா உறங்கும் நேரத்தில் தொடங்கிய சிக்கல், பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பண்டிகைப் பகலில் வந்து சேர்ந்தது. அமெரிக்க வாடிக்கையாளரின் அமைப்பைப் பராமரிக்கும் குழுவில் அன்றைக்கு 'ஆன்-கால்' முறை யாருக்கு விழுந்ததோ, அவர் பலகாரத் தட்டை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாக வேண்டும். திறந்தும் செய்யக்கூடியது அதிகமில்லை. பிழை அவருடையதல்ல, அவர் கை எட்டும் இடத்திலும் இல்லை. 'அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று வாடிக்கையாளருக்கு அவ்வப்போது எழுதுவதுதான் வேலை.

மேகக் கணிமையை இளைஞர்கள் ஏற்கிறார்களா என்று கேட்கும் ஆய்வேடுகள் நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. 'முழுமையாக உடன்படுகிறேன்' முதல் 'சிறிதும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டம் போட்ட வினாத்தாள். முடிவும் ஏறக்குறைய முன்பே தெரிந்தது: இளையவர்களுக்குப் புதியது பிடிக்கிறது, மூத்தவர்கள் தயங்குகிறார்கள். தீபாவளியன்று மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவரை இந்த வினாத்தாளில் எந்தக் கட்டத்தில் அடைப்பது? நாவலூரிலிருந்து தாம்பரம் வரையிலான புறநகரைக் கூர்ந்து பார்த்தால், வயதைவிட வேறு மூன்று கேள்விகள் முக்கியமாகத் தெரிகின்றன. மேகத்துக்குப் போகலாம் என்று முடிவெடுத்தவர் யார், அட்மின் கணக்கு யார் கையில், மாதக் கடைசியில் பில் யாருக்கு வருகிறது. மனப்பான்மை இவற்றின் பின்னால்தான் போகிறது.

இவ்வகை வினாத்தாள்களுக்கெல்லாம் மூத்தது பிரெட் டேவிஸ் 1989-இல் 'எம்ஐஎஸ் குவார்ட்டர்லி' இதழில் வெளியிட்ட ஆய்வு. மொத்தம் 152 பேர். 112 பேர் டொரன்டோவில் ஐபிஎம் கனடாவின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். 40 பேர் பாஸ்டன் பல்கலைக்கழகத்து மாலைநேர எம்பிஏ மாணவர்கள். ஒரு மென்பொருளை ஒருவர் ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் காரணம் என்றார் டேவிஸ்: இது எனக்குப் பயன்படும், இது எனக்கு எளிது. பயனுக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான ஒட்டுறவு முதல் குழுவில் 0.63, இரண்டாம் குழுவில் 0.85. எளிமைக்கோ 0.45, 0.59. பயன் இருந்தால் கரடுமுரடான கருவியையும் மனிதர்கள் பழகிக்கொள்வார்கள், பயனில்லாத எளிமைக்கு ஆள் கிடையாது என்பது அதன் சாரம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயன்பாட்டை யாரும் அளந்து பார்க்கவில்லை. எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள், பயன்படுத்துவீர்கள் என்று அவர்களையே கேட்டுக்கொண்டார்கள். நம் ஆய்வேடுகள் இந்தப் பழக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டன.

2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் மூன்று சக ஆய்வாளர்களும், அவர்களில் டேவிஸும் ஒருவர், அதுவரை புழங்கிய எட்டு மாதிரிகளை ஒன்றாக்கினார்கள். அவர்கள் ஆறு மாதம் தொடர்ந்து பார்த்த நான்கு நிறுவனங்களில் இரண்டில் புதிய மென்பொருளைப் பயன்படுத்துவது ஊழியர் விருப்பம், இரண்டில் கட்டாயம். கட்டாயம் இருந்த இடத்தில்தான் 'மற்றவர் என்ன எதிர்பார்க்கிறார்' என்பது வலுப்பெற்றது. பயன் பற்றிய எதிர்பார்ப்பு எல்லாரிடமும் இருந்தாலும் இளையவர்களிடம், அதிலும் ஆண்களிடம், கூடுதலாக வேலை செய்தது. அந்தப் பயனை அளக்க அவர்கள் வைத்த வினாக்கள் நான்கு: வேலைக்கு உதவுமா, வேகமாக முடியுமா, உற்பத்தி கூடுமா, சம்பள உயர்வு கிடைக்க வாய்ப்பு கூடுமா. நாவலூரில் நான்காவது வினா மற்ற மூன்றையும் விழுங்கிவிடுகிறது. அந்த உயர்வை இப்போதைய நிறுவனம் தரும் என்ற எதிர்பார்ப்பும் குறைவு. அடுத்த நிறுவனம் தர வேண்டும்.

ஊரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகங்கள் தெற்கே நீண்டுகொண்டே போயின. சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாற்றியும் எல்லார் வாயிலும் ஓஎம்ஆர்தான். சோழிங்கநல்லூரையும் செம்மஞ்சேரியையும் தாண்டினால் நாவலூர். அதற்குத் தெற்கே சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, அதில் டிசிஎஸ்ஸின் பெரிய வளாகம். நாவலூர்ச் சுங்கச்சாவடியில் வசூல் 2023 அக்டோபரில்தான் நின்றது. படூர், களவாக்கம், கேளம்பாக்கம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். படித்த இடத்திலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் வேலை. இடையில் பிஜி விடுதி. இந்தப் புறநகரின் இளைஞர்களுக்கு மேகக் கணிமை பாடமாகவும் பிழைப்பாகவும் ஒரே சாலையில் கிடைக்கிறது.

கட்டடங்களும் இங்கேயே இருக்கின்றன என்பது வேடிக்கை. மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் இந்தியாவில் தன் அஷூர் சேவைக்கு மூன்று மையப் பகுதிகளைத் திறந்தபோது புனே, மும்பையோடு சென்னையும் ஒன்று. சிறுசேரி சிப்காட்டிலேயே 2022-இல் அதானிகனெக்ஸின் தரவு மையம் வந்தது. முழுத் திறன் 33 மெகாவாட். தமிழ்நாடு அரசு 2021-இல் தரவு மையங்களுக்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. ஆனால் நாவலூரில் ஏற்றுமதி வேலை பார்க்கும் ஓர் இளைஞர் நாள் முழுவதும் தொட்டுக்கொண்டிருக்கும் சர்வர், வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே, பெரும்பாலும் வர்ஜீனியாவிலோ அயர்லாந்திலோ இருக்கிறது. கேப் ஜன்னலுக்கு வெளியே கடந்து போகும் தரவு மையம் அவருக்கு இன்னொரு கண்ணாடிக் கட்டடம், அவ்வளவுதான்.

கல்லூரியில் இருக்கும்போது இதே இளைஞரின் உறவு வேறு மாதிரி. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையில் மேகக் கணிமையின் ஐந்து அடிப்படைப் பண்புகளில் முதலாவது, எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதரைக் கேட்காமல் வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்பது. மாணவருக்கு அது உண்மை. மாணவர்களுக்கு அஷூர் 100 டாலர் இருப்புத் தொகை தருகிறது, கிரெடிட் கார்டு கேட்பதில்லை. அமேசானில் கணக்குத் தொடங்க அப்பாவின் டெபிட் கார்டும் சரிபார்ப்புக்கு இரண்டு ரூபாயும் போதும். இரவு பதினொரு மணிக்கு ஒரு சர்வரை எழுப்பி, இறுதியாண்டு ப்ராஜெக்டை ஏற்றி, நண்பர்களுக்கு லிங்க் அனுப்பலாம். கல்லூரி லேப் பொறுப்பாளரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. அந்த வயதில் அது கொடுக்கும் மிதப்பு சாதாரணமானதல்ல. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இத்தகைய பயிற்சிகளைச் சிறு நகரக் கல்லூரிகள் வரை கொண்டுபோனதால், அந்த மிதப்பு இப்போது கிழக்குக் கடற்கரையோரக் கிராமத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே ஆள் சிறுசேரியில் ஒரு வங்கி ப்ராஜெக்டில் சேர்கிறார். ஓடிசி என்று சொல்லப்படும் தனி அறை, வாசலில் கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும், யூஎஸ்பி வேலை செய்யாது. ஒரு சிறிய சோதனை சர்வர் வேண்டுமென்றால் டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் டீம் லீடுக்குப் போய், அவரிடமிருந்து மேனேஜருக்குப் போய், கடல் கடந்து வாடிக்கையாளரின் அனுமதிக்குக் காத்திருக்கும். கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற முதல் பண்பு அலுவலக வாசலிலேயே கழற்றி வைக்கப்படுகிறது. வங்கிக்கு அதற்கான காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி போன்ற கட்டுப்பாட்டு அமைப்புகள் எந்த நாட்டிலும் வங்கியைத்தான் பிடிக்கும், நாவலூர் இளைஞரை அல்ல. ஆனால் கல்லூரியில் ஐந்து நிமிடத்தில் செய்ததை இங்கே நான்கு நாளாகக் காத்திருந்து செய்கிறவர் 'க்ளவுட்' பற்றிச் சொல்லும் கருத்தில் பாதி, உண்மையில் அனுமதி பற்றிய கருத்து. அவர் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்து ஆய்வாளர் குறித்துக்கொள்வார்.

பில் பற்றிய பயமும் இப்படித்தான். மேகத்தில் எல்லாமே மீட்டர் ஓடும் விஷயம். வெள்ளிக்கிழமை மாலை சோதனைக்காக எழுப்பிய சர்வரை அணைக்க மறந்துவிட்டால் திங்கட்கிழமை வரை கணக்கு ஏறும். ரகசிய ஆக்சஸ் கீயைத் தவறுதலாகப் பொதுவெளியில் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், அதையே தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் எடுத்து, யாரோ ஒருவருக்கு க்ரிப்டோ நாணயம் தோண்டத் தொடங்கிவிடும். வீட்டு மீட்டரை அளந்து பழகிய நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரிகிற பயம். மாணவராக இருந்தபோது அப்பாவின் கணக்கிலிருந்து பணம் போய்விடுமோ என்று பயந்தவர், வேலைக்கு வந்ததும் பயத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்கிறார்: பணம் நிறுவனத்துடையது, கேள்வி தன்னுடையது. எந்தப் பெயரில் எந்தச் சர்வர் எழுப்பப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்கும். பழைய சர்வர் அறையில் ஓர் இயந்திரம் சும்மா ஓடினால் யாருக்கும் தெரியாது. இங்கே தெரியும், ரூபாய் பைசாவோடு. புதிதாக வந்தவர்கள் எதையும் அணைக்கவும் தயங்குகிறார்கள், எழுப்பவும் தயங்குகிறார்கள். யாருடையது என்று தெரியாத சர்வரை அணைத்து ஏதாவது நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஓடட்டும்.

இவ்வளவு தயக்கம் இருக்கிறதே, பிறகு ஏன் சான்றிதழுக்கு இப்படி அலைகிறார்கள் என்று கேட்கலாம். அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வு: 130 நிமிடம், 65 கேள்வி, ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி, கட்டணம் 150 டாலர், மூன்றாண்டு செல்லும். வரியெல்லாம் சேர்க்காமலே பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். சேவை நிறுவனங்களில் புதியவருக்குத் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பத்தாண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது. மாதம் கைக்கு வருவதில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரு தேர்வுக்கு. நிறுவனம் சில சமயம் கட்டணத்தைத் தரும், அதற்கு ஈடாக இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கும் இடங்களும் உண்டு. ஆனாலும் சொந்தக் காசில் எழுதுகிறார்கள். காரணம் நேரடியானது. நிறுவனம் கொடுக்கும் அடையாள அட்டை, மடிக்கணினி, மின்னஞ்சல், எல்லாம் கடைசி நாளில் திரும்ப வாங்கப்படும். சான்றிதழ் வாங்கப்படாது. ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாளில் அது ஒன்றுதான் பேசும். கோபோலில் எழுதப்பட்ட காப்பீட்டு மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் போட்டுவிட்டார்களே என்று புலம்பும் இளைஞரை, அந்த வேலை எளிதா கடினமா என்பது உறுத்துவதில்லை. அதை எழுதிக் காட்டினால் அடுத்த நேர்காணலில் யார் கூப்பிடுவார்கள் என்பதுதான் உறுத்துகிறது. வெங்கடேஷின் நான்காம் வினா இங்கே முழு உருவில் நிற்கிறது.

இந்தச் சான்றிதழ் ஓட்டத்துக்கு உள்ளே ஒரு முரண் இருக்கிறது, அதை இளைஞர்கள் தெரிந்தே சுமக்கிறார்கள். வாடிக்கையாளரின் சொந்தக் கணினி மையத்தில் இருப்பதை மேகத்துக்கு மாற்றும் மைக்ரேஷன் ப்ராஜெக்ட் ஒரு நாள் முடியும். முடிந்ததும் குழு கலையும். அத்தோடு, பழைய மையத்தில் டேப் மாற்றுவது, டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது, சர்வரை மறுபடி இயக்குவது போன்ற வேலைகளும் மறையும். டிப்ளமோ முடித்தவர்களும் பிஎஸ்சி முடித்தவர்களும் இந்தத் துறைக்குள் நுழைந்த கதவு அந்த இரவுப் பணிகள்தான். கணினிப் பொறியியல் படித்தவருக்கு மேகம் ஏணியாகத் தெரியும்போது, பாலிடெக்னிக் முடித்து வந்தவருக்கு அது அடைபடும் கதவாகத் தெரிந்தால் அதை 'தொழில்நுட்பத் தயக்கம்' என்று பெயரிடுவது அநியாயம். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தை, சுமார் 12,000 பேரை, பெரும்பாலும் நடு, மேல் நிலைகளில் குறைக்கப்போவதாக அறிவித்தது. இளையவர்களுக்கு அது தங்கள் மேனேஜருக்கு வந்த செய்தியாகவும் தங்கள் நாற்பதாம் வயதுக்கு வந்த செய்தியாகவும் இரண்டாகக் கேட்டது.

சரி, மேகத்துக்குப் போக முடிவெடுத்தவர்கள் ஏன் எடுத்தார்கள்? செலவு ஒரு காரணம். வாடிக்கையாளரின் விருப்பம் பெரிய காரணம். இந்தப் புறநகருக்கு மட்டும் இன்னொன்று உண்டு: தண்ணீர். 2015 டிசம்பர் 1-2 மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் வர முடியவில்லை. இயந்திரம் நன்றாக இருந்தும் ஆள் போய்ச் சேர முடியாததால் நின்றது என்பதுதான் அதன் பாடம், அதை ஓஎம்ஆர் அலுவலகங்களும் அப்போது படித்தன. ஊழியர்களைப் பெங்களூருக்கு அனுப்பி வேலையைக் காப்பாற்றிய நிறுவனங்கள் உண்டு. 2016-இல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று பாடம் திரும்பத் திரும்ப நடத்தப்பட்டது. மிக்ஜாமில் பள்ளிக்கரணையும் பெருங்குடியும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். தரைத்தளத்தில் ஜெனரேட்டரும் சர்வரும் வைத்திருந்த சிறு நிறுவனத்துக்காரர் ஒருவருக்கு மேகக் கணிமையின் நன்மையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் தயக்கமில்லாமல் இருப்பவர்கள் அந்த வெள்ளத்தைப் பார்த்த மூத்தவர்கள். 2015-இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இன்றைய புதியவருக்கு அது லீவு கிடைத்த வாரம்.

2020 மார்ச் ஊரடங்கு மீதியைச் செய்தது. அதுவரை குரல்வழிச் சேவை மையங்கள் வீட்டிலிருந்து வேலை வாங்கத் தொலைத்தொடர்புத் துறையின் ஓஎஸ்பி (பிற சேவை வழங்குநர்) விதிகள் பெரும் தடை. பதிவு, வங்கி உத்தரவாதம் என்று நிபந்தனைகள். ஊரடங்கில் தற்காலிகமாகத் தளர்த்தி, 2020 நவம்பரில் விதிகளையே தலைகீழாக எளிமையாக்கினார்கள். ஓடிசிக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்றிருந்த அதே வேலை, திருநெல்வேலியிலும் தர்மபுரியிலும் வீட்டுக் கூடத்தில், அம்மா சீரியல் பார்க்கும் சத்தத்துக்கு நடுவே நடந்தது. உலகம் இடிந்துவிடவில்லை. பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். டிசிஎஸ் 2023 அக்டோபர் 1 முதல் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் என்றது. மற்றவர்களும் அவரவர் கணக்கில் நாட்களை வைத்தார்கள். இங்கேதான் இளைஞர்களின் மேகம் பற்றிய பேச்சு மிகவும் சூடாகிறது. சர்வர் வர்ஜீனியாவில், வாடிக்கையாளர் நியூ ஜெர்சியில், குழுவில் பாதிப்பேர் புனேயில். மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆரில் ஒன்றரை மணி நேரம் நின்று நகர்ந்து நான் ஏன் சிறுசேரிக்கு வர வேண்டும்? கூடிப் பழகினால்தான் புதியவர் தொழில் கற்பார் என்று நிறுவனம் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று வாடிக்கையாளரிடம் விற்றுவிட்டு, அதைச் செய்கிறவரிடம் மட்டும் அதே வாக்கியத்தை மறுப்பது அவர்கள் காதில் எப்படி விழும் என்பதை யோசிக்க வேண்டும்.

தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைப் பக்கம் போனால் இதே வயதினரிடம் வேறு தொனி. கூடுவாஞ்சேரி அருகே எஸ்டான்சியா வளாகத்திலிருக்கும் ஜோஹோ, 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. 2005-இல் ஜோஹோ ரைட்டர் வழியாக இணையச் செயலிகளுக்கு வந்தது. தன் செயலிகளைத் தன் சொந்தச் சர்வர்களில் ஓட்டுகிறது, அமேசானிடமோ மைக்ரோசாஃப்டிடமோ வாடகைக்கு எடுப்பதில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்சி கொடுக்கும் பள்ளியையும் தொடங்கியது. அங்கே பணிபுரியும் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு மேகம் என்பது தன் நிறுவனம் கட்டி, பழுது பார்த்து, விற்கும் பொருள். கொஞ்ச தூரத்தில், 2010-இல் கீழ்க்கட்டளையில் ஒரு சிறிய இடத்தில் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நேரெதிர் வழி. சர்வர் வாங்கவே இல்லை, அமேசானின் மேல் ஏறி வளர்ந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. கையில் பெரிய மூலதனம் இல்லாமல் தொடங்கியவர்களுக்கு அந்த வாடகைச் சர்வர்தான் வழிவிட்டது. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் 37சிக்னல்ஸ், வாடகை கட்டுப்படியாகவில்லை என்று மேகத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்தபோது உலகமெங்கும் விவாதம் நடந்தது. இங்கே இரண்டு வழிகளும் ஒரே புறநகரில் பக்கத்துப் பக்கத்தில் லாபத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருக்கின்றன. நம் கல்லூரி ஆய்வேடுகள் இதை ஒருபோதும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. வயதும் படிப்பும் ஊரும் ஒன்றாக இருக்கும்போதும் மனப்பான்மை மாறுகிறது என்றால், காரணத்தை வேலையளிப்பவரிடம்தான் தேட வேண்டும்.

இளைஞர்கள் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் நயாரா எனர்ஜி சேர்க்கப்பட்டதும், அதன் மின்னஞ்சலும் டீம்ஸும் மைக்ரோசாஃப்டால் நிறுத்தப்பட்டன. குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம், கட்டணம் செலுத்திய சேவைக்காக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. வேறொருவர் நாட்டுச் சட்டம் நம் அலுவலக இன்பாக்ஸை மூட முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் வேண்டாம். சொந்தமாக வைத்துக்கொண்டால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவில் டேஜான் நகர அரசுக் கணினி மையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த 'ஜி-டிரைவ்' 858 டெராபைட்டோடு அழிந்தது. வெளியே நகல் இல்லை. சொந்த அரசின் சொந்த மேகம். நாவலூரில் இதையெல்லாம் தேர்வுப் பாடத்தில் 'டிசாஸ்டர் ரிகவரி' என்ற தலைப்பில் மனப்பாடம் செய்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். தரவு யாருடைய சட்டத்துக்குள் இருக்கிறது என்று கேட்பது தங்கள் வேலை என்று நினைப்பதில்லை. முடிவெடுக்கும் உரிமை கொடுக்கப்படாதவரிடம் அந்தக் கேள்வி எழாததில் வியப்பில்லை.

உரிமை இளையவர் கையில் இருக்கும் இடம் ஒன்றும் இந்தப் புறநகரில் இருக்கிறது. அது கண்ணாடிக் கட்டடத்தில் இல்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து ஆடிட்டர் அலுவலகங்கள், தோல் பொருள் செய்யும் பட்டறைகள், தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்கள். இங்கே டேலி கணக்கு மென்பொருள் ஒரே ஒரு கணினியில் ஓடும். முதலாளியின் நம்பிக்கை பென் டிரைவ்மீது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரி வந்தது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி வந்துவிட்டது. கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினந்தோறும் நகலெடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் அவர்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தடயத்தோடு வைத்திருக்க வேண்டும். இங்கேயும் தொடக்கம் விதிப்புதான். ஆனால் விதியை எப்படி நிறைவேற்றுவது என்று முதலாளிக்குத் தெரியாது. பிகாம் முடித்து வந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணிடமோ பையனிடமோ, 'நீயே பாத்து ஏதாவது பண்ணுப்பா' என்று விட்டுவிடுவார்.

பண்ணிவிடுகிறார்கள், யாரும் டிக்கெட் கேட்பதில்லை. வாடிக்கையாளரின் பில் கூகுள் டிரைவுக்குப் போகிறது, ஷீட்டில் நிலுவைப் பட்டியல், வாட்ஸ்அப்பில் ரிட்டர்ன் நகல். ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி மட்டும் முதலாளி கைபேசிக்கு வரும். 'சார், ஓடிபி சொல்லுங்க' என்று ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிவாக்கில் ஒரு குரல். டேவிஸ் எதிர்பார்த்த மனிதர் இவர்தான்: தனக்குப் பயன் தெரிந்து, எளிதாக இருந்து, தானே தேர்ந்தெடுத்தவர். அலுவலகத்துக்கென்று தனிக் கணக்கு வாங்க மாதாமாதம் கட்டணம் கட்ட முதலாளி சம்மதிப்பதில்லை, இலவசமாக 15 ஜிபி கிடைக்கிறதே என்பார். அதனால் எல்லாம் அந்த ஊழியரின் சொந்த ஜிமெயிலில், சொந்தக் கைபேசி எண்ணில் இருக்கும். அவருக்கு நல்ல சம்பளத்தில் வேறு வேலை கிடைக்கிறது, ஓஎம்ஆரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். கடைசி நாளில் மேசைச் சாவியையும் அலுவலக ஸ்கூட்டியையும் முதலாளி சரிபார்த்து வாங்கிக்கொள்கிறார். நாற்பது கட்சிக்காரர்களின் ஐந்தாண்டுக் கணக்கு போனவரின் ஜிமெயிலோடு போகிறது. அடுத்த ஆண்டு நோட்டீஸ் வரும்போதுதான் அது தெரியவரும்; அவர் எண்ணுக்கு போன் போட்டு, கோபப்படாமல், மிகவும் மரியாதையாகக் கேட்க வேண்டியிருக்கும்.